ஷேடோ 2: முதலில் எதை மாற்றுவது, ட்ரிக்கரா ஸ்பிரிங்கா?

டல்லாஸ்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். டல்லாஸ் பக்கம் இருக்கிறேன். யுஎஸ்பிஎஸ்ஏ (அமெரிக்க பிராக்டிகல் சுடுதல் அமைப்பு) மேட்ச்களுக்குப் போக ஆரம்பித்து கொஞ்ச காலம் ஆகிறது. கேரி ஆப்டிக்ஸ் டிவிஷன், இப்போது சி கிளாஸ் (ஏ, பி-க்குக் கீழே உள்ள தரம்). துப்பாக்கி சிஇசட் ஷேடோ 2 ஆப்டிக்ஸ் ரெடி, மேலே 5 எம்ஓஏ அளவுப் புள்ளி உள்ள ட்ரிஜிகான் எஸ்ஆர்ஓ ரெட் டாட் (கண்ணாடியில் ஒளிப்புள்ளி காட்டும் குறிபார்க்கும் கருவி). கடையில் வாங்கியபடியே இருக்கிறது, உள்ளே ஒரு ஸ்பிரிங்கைக்கூடத் தொடவில்லை.

இரண்டு பிரச்சினை. ஒன்று, முதல் குண்டு. கேரி ஆப்டிக்ஸில் ஹாமரை முழுக்க இறக்கி வைத்துத்தான் தொடங்க வேண்டும், அதனால் முதல் இழுப்பு டபுள் ஆக்ஷன் (ஒரே இழுப்பில் ஹாமர் ஏறி விழ வேண்டும்), நீளமும் அதிகம் கனமும் அதிகம். எனக்கு வலதுகை. அந்த முதல் குண்டு அடிக்கடி இடப்பக்கம் கீழே போய் சி-யில் (டார்கெட்டின் நடு ஏ, அதைச் சுற்றி சி, ஓரம் டி) விழுகிறது, டார்கெட் பக்கத்தில் நோ-ஷூட் (சுடக் கூடாத அட்டை) இருந்தால் பயமாகவே இருக்கிறது. இரண்டாவது, வேகமாக இரண்டு சுடும்போது புள்ளி கண்ணாடிக்கு மேலே போய் மறைந்துவிடுகிறது, திரும்பி வரும்போது சரியான இடத்தில் நிற்காமல் கீழே இறங்கிப் பிறகு ஏறுகிறது. அதற்குக் காத்திருந்தால் நேரம் போகிறது, காத்திருக்காமல் சுட்டால் டி.

ரேஞ்சில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவர் முழு ட்ரிக்கர் கிட் போடு என்கிறார், இன்னொருவர் இருப்பதிலேயே லேசான ரீகாயில் ஸ்பிரிங்கை (ஸ்லைடை முன்னால் தள்ளி மூடுவது) போடு என்கிறார், மூன்றாமவர் பித்தளை கிரிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். கையில் 400 டாலர் வரை இருக்கிறது. இப்போது சுடுவது கடையில் கிடைக்கும் 115 கிரெயின் (குண்டின் எடை), ஆனால் நானே தோட்டா செய்ய ரீலோடிங் பிரஸ் வாங்கிவிட்டேன், 147 கிரெயினுக்கு மாறலாம் என்று எண்ணம். எந்த வரிசையில் போவது?


செம்பருந்து:

தம்பி, பொருள் வாங்குவதற்கு முன்னால் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்த விளையாட்டில் எல்லாம் மதிப்பெண்ணை நேரத்தால் வகுத்து வரும் ஹிட் ஃபேக்டர்தான். 32 ரவுண்டு ஸ்டேஜ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஏ விழுந்தால், ஒன்றுக்கு ஐந்து என்று 160 மதிப்பெண். 20 விநாடியில் முடித்தால் ஹிட் ஃபேக்டர் 8. இப்போது ட்ரிக்கர் கிட் போட்டதால் ஒவ்வொரு குண்டுக்கும் நூறில் ஒரு பங்கு விநாடி மிச்சமாகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம், மொத்தம் 0.32 விநாடி, ஹிட் ஃபேக்டர் 8.13 ஆகிறது. அதே ட்ரிக்கர் கிட்டோடு வந்த லேசான மெயின் ஸ்பிரிங் (ஹாமரை இயக்குவது) ஒரே ஒரு பிரைமரை (தோட்டாவின் அடியில் உள்ள வெடிப்பொட்டு) சரியாக அடிக்காமல் விட்டுவிட்டது, ஸ்லைடை இழுத்து அடுத்ததை ஏற்ற இரண்டு விநாடி போனது என்றால் 160-ஐ 22-ஆல் வகுக்க வேண்டும், 7.27. ஒரு மிஸ் என்றால் ஐந்து மதிப்பெண் போய், மேலே பத்து அபராதமும் சேர்ந்து 145, அதாவது 7.25. துப்பாக்கி ஒருமுறை மக்கர் செய்தால் ட்ரிக்கர் கொடுத்த லாபத்தைப்போல ஐந்து மடங்குக்கு மேல் போய்விடுகிறது. அதனால் எதை மாற்றினாலும் முதல் கேள்வி, இது ஒவ்வொரு முறையும் வெடிக்குமா, ஒவ்வொரு முறையும் அடுத்த ரவுண்டை ஏற்றுமா என்பதுதான். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

என் வரிசை இது. முதலில் மேகசின். எல்லாவற்றுக்கும் எண் எழுதிவிடுங்கள். எந்த மேகசினில் தகராறு வருகிறது என்று அப்போதுதான் தெரியும். நம்மூர் ரேஞ்சுகளில் தூசியும் மணலும் அதிகம், ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் பிரித்து, உள்ளே பிரஷ் விட்டு, எண்ணெய் போடாமல் உலர்வாகத் துடைத்து மாட்டுங்கள். ஸ்பிரிங் தளர்ந்தால் மாற்றுங்கள், அது நுகர்பொருள்தான். மேகசினின் அடிமூடியான பேஸ் பேடை மாற்றினால் கேரி ஆப்டிக்ஸின் 141.25 மில்லிமீட்டர் கேஜில் உட்காருகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது ஆப்டிக். பிளேட்டை ஸ்லைடோடு பிணைக்கும் ஸ்க்ரூ, ஆப்டிக்கைப் பிளேட்டோடு பிணைக்கும் ஸ்க்ரூ, இரண்டையும் கழற்றி எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, நீல லாக்டைட் ஒரு சொட்டு வைத்து, டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளவிடும் கருவி) தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். கையால் இறுக்குகிற வேலை வேண்டாம். அப்புறம் ஸ்க்ரூ தலையிலிருந்து அதன் ஓரம் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. கோடு விலகியிருந்தால் ஸ்க்ரூ நகர்ந்திருக்கிறது. மேட்ச் நடுவில் குண்டு எங்கோ போகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இந்த ஸ்க்ரூதான். வெளிச்சத்தையும் கவனியுங்கள், புள்ளியை அதிகமாக ஏற்றி வைத்தால் அது சிதறிப் பெரிதாகி, கண்ணை டார்கெட்டிலிருந்து தன் பக்கம் இழுக்கும். டெக்சாஸ் வெயிலில் பழுப்பு அட்டைமேல் தெளிவாகத் தெரியும் அளவுக்கு ஏற்றி, அதற்குமேல் போகாதீர்கள்.

மூன்றாவது கிரிப். ஷேடோ 2 காலியாகவே ஏறத்தாழ 1330 கிராம், எடைக்குப் பஞ்சமே இல்லாத துப்பாக்கி. பித்தளை போட்டால் இன்னும் கொஞ்சம் அமைதியாகும், ஆனால் டிவிஷன் வரம்பு 59 அவுன்ஸ் (ஏறத்தாழ 1670 கிராம்), ஆப்டிக்கும் காலி மேகசினும் சேர்த்து. மாற்றினால் தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள். என்னைக் கேட்டால் எடையைவிடக் கைக்குப் பொருந்தும் தடிமனும் சொரசொரப்பும் முக்கியம். விரல் குட்டையாக இருந்தால் மெல்லிய அலுமினியம், அதன் மேல் கிரிப் டேப். இடதுகை வியர்த்தாலும் வழுக்கக் கூடாது.

நான்காவதுதான் ரீகாயில் ஸ்பிரிங், ட்ரிக்கர் கடைசி. முதல் குண்டு இடப்பக்கம் கீழே போவதற்கு ஸ்பிரிங் மாற்றுவது கொஞ்சம்தான் உதவும், அதைப் பற்றி இங்கே என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.


நெல்லைக்காரி:

செம்பருந்து அண்ணா சொன்ன வரிசைதான் சரி. முதல் குண்டைப் பற்றி நான் சொல்கிறேன். சென்னையில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுட்டுவிட்டு அமெரிக்கா வந்தவள், இப்போது அதே ஷேடோ 2.

ஏர் பிஸ்டலில் ட்ரிக்கர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும், 25 மீட்டர் ஸ்போர்ட் பிஸ்டலில் 1000 கிராம், இது ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) விதி. அரைக் கிலோ ட்ரிக்கரில்கூட விரலை ஓரமாக இழுத்தால் பத்து போய் எட்டு விழும் என்பதை அங்கே முதல் மாதமே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். ஆகவே கனத்தைக் குறைத்தால் குறி தானாக வரும் என்று நம்ப வேண்டாம். வலதுகைக்காரருக்கு இடம்-கீழ் என்றால் பெரும்பாலும் ட்ரிக்கரை இழுக்கும்போது மற்ற மூன்று விரல்களும் சேர்ந்து இறுகுகின்றன என்று அர்த்தம். டபுள் ஆக்ஷனில் இழுப்பு நீளம் என்பதால் இறுகுவதற்கு நேரமும் அதிகம் கிடைக்கிறது.

வீட்டில் செய்து பாருங்கள். அந்த அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது, மேகசினும் சேம்பரும் காலியா என்று இரண்டு முறை பாருங்கள், ஸ்னாப் கேப் (வெடிக்காத பயிற்சித் தோட்டா) போடுங்கள். சுவரில் சின்னக் கறுப்புப் பொட்டு. ஹாமரை இறக்கி வைத்த நிலையில் ட்ரிக்கரை ஒரே சீராக, நடுவில் நிறுத்தி யோசிக்காமல், கடைசி வரை இழுங்கள். ரெட் டாட் இருப்பதால் உங்களுக்கு ஒரு வசதி, ஹாமர் விழும் கணத்தில் புள்ளி எந்தத் திசையில் துள்ளுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். இடப்பக்கம் கீழே துள்ளினால் இடதுகைப் பிடியை இறுக்கி, வலதுகை மூன்று விரலைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். விரல் ட்ரிக்கரில் எவ்வளவு உள்ளே போகிறது என்பதையும் மாற்றி மாற்றிப் பாருங்கள், டபுள் ஆக்ஷனுக்கு முதல் மடிப்புக்கோடு வரை உள்ளே வைத்தால் நெம்புகோல் பலம் கிடைக்கும், ஆனால் அதே இடத்தில் வைத்து சிங்கிள் ஆக்ஷனும் (ஹாமர் ஏற்கனவே ஏறியிருக்கும் இழுப்பு) நேராக வரவேண்டும். விரல் எட்டவில்லை என்றால் அங்கேதான் உண்மையான ட்யூனிங் தேவைப்படுகிறது: நீளம் குறைந்த, இன்னும் நேரான ட்ரிக்கர் துண்டு தனியாகவே கிடைக்கிறது, விலையும் முழு கிட்டைவிடக் குறைவு. என்னைப் போலச் சின்னக் கைக்காரர்களுக்கு அது ஒன்றே பெரிய மாற்றம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. டபுள் ஆக்ஷனே பிடிக்கவில்லை என்றால் லிமிடெட் ஆப்டிக்ஸ் டிவிஷனுக்கு மாறிவிடலாம். அங்கே ஹாமரை ஏற்றி சேஃப்டி போட்டுத் தொடங்க அனுமதி உண்டு, முதல் குண்டும் சிங்கிள் ஆக்ஷன்தான், மதிப்பெண்ணும் கேரி ஆப்டிக்ஸ் போலவே மைனர் (விசை குறைந்த தோட்டாவுக்கான கணக்கு) மட்டும். ஆனால் அங்கே 2011 என்ற மாடல் வகை சிங்கிள் ஆக்ஷன் துப்பாக்கிகளோடு போட்டியிட வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.


சூரிச்_யாழ்:

தம்பி, நான் இங்கே சுவிஸில் ஐபிஎஸ்சி (சர்வதேச பிராக்டிகல் சுடுதல் அமைப்பு) சுடுகிற ஆள், புரொடக்ஷன் ஆப்டிக்ஸ். உங்கள் ஆட்கள் கதைப்பதோடு இரண்டு விசயம் சேர்க்கிறேன்.

ஐபிஎஸ்சியில் ரிகருக்கு (நீங்கள் சொல்லும் ட்ரிக்கர்) எடை வரம்பு உண்டு. புரொடக்ஷனில் முதல் வெடி 2.27 கிலோ, அதாவது 5 பவுண்டு, குறையாமல் இருக்க வேண்டும், அல்லது எல்லா வெடியும் 1.36 கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பெரிய போட்டியில் எடையைத் தூக்கிப் பார்ப்பார்கள். என்ன பாகம் மாற்றலாம் என்ற பட்டியலும் உங்கள் பக்கத்தைவிட இறுக்கம். ஐரோப்பாவுக்கு வந்து சுடுகிற எண்ணம் என்றைக்காவது இருந்தால், மெயின் ஸ்பிரிங்கை 11.5 பவுண்டுக்கு இறக்கி, ஹாமரையும் மாற்றி, டபுள் ஆக்ஷனை அந்த விளிம்புக்குக் கொண்டுபோய் விடாதீர்கள். துவக்கு ஒன்றுதான், விதிப்புத்தகம் இரண்டு.

மற்றது இன்னும் முக்கியம். ஷேடோ 2 துவக்கில் ஃபயரிங் பின்னை (பிரைமரைக் குத்தும் ஊசி) தடுக்கிற பிளாக் கிடையாது. ரிகர் இவ்வளவு சுத்தமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் துவக்கு கீழே விழுந்தால் பின் முன்னுக்கு ஓடாமல் பிடித்து வைப்பது அந்தச் சின்ன ஃபயரிங் பின் ஸ்பிரிங் மட்டும்தான். பிரைமர் வெடிக்கவில்லை என்று சிலர் அந்த ஸ்பிரிங்கை வெட்டுகிறார்கள், லேசானது போடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். லேசான மெயின் ஸ்பிரிங் போட்டு அடி பத்தவில்லை என்றால் நீளமான ஃபயரிங் பின் விற்கிறார்கள், அதற்கென்று பொருத்தமான ஸ்பிரிங்கோடு அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் மெயின் ஸ்பிரிங்கை ஒரு படி ஏற்றுங்கள்.

பையில் எப்போதும் வைத்திருக்க வேண்டிய உதிரிப்பாகம் இரண்டு: ஸ்லைடு ஸ்டாப், ரிகர் ரிட்டர்ன் ஸ்பிரிங். சிஇசட் 75 குடும்பத்துத் துவக்குகளில் பெரும்பாலும் உடைவது இவை இரண்டும்தான். வீட்டில் நிறைய ட்ரை ஃபயர் (தோட்டா இல்லாமல் இழுத்துப் பழகுவது) செய்கிற ஆள் என்றால் ரிட்டர்ன் ஸ்பிரிங் இன்னும் கெதியாகப் போகும். உடைந்தால் ரிகர் முன்னுக்கு வராமல் தொங்கும், அந்த ஸ்டேஜ் அதோடு சரி. இரண்டும் பெரிய செலவில்லை.


டல்லாஸ்வாசி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு நெல்லைக்காரி அக்கா சொன்னபடி சுவரில் பொட்டு வைத்துப் பார்த்தேன். புள்ளி அப்படியே ஏழு மணித் திசையில் குதிக்கிறது. விரல் நுனியால் இழுக்கிறேன் என்பதும் தெரிந்தது, மடிப்புக்கோடு வரை போகக் கை எட்டவில்லை. அதனால் குட்டை ட்ரிக்கர் வாங்குவது உறுதி.

ரீகாயில் ஸ்பிரிங்கை எப்படித் தேர்ந்தெடுப்பது? எண்ணைப் பார்த்து வாங்குவதா? 147-க்கு மாறினால் ஸ்பிரிங்கும் மாறுமா? க்ரோனோ (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வைக்கும் மேட்ச் ஒன்றுக்குப் பதிவு செய்திருக்கிறேன், பவர் ஃபேக்டர் பற்றியும் கொஞ்சம் சொன்னால் நல்லது.


செம்பருந்து:

பவர் ஃபேக்டர் முதலில். குண்டின் எடையைக் கிரெயினில் எடுத்து, விநாடிக்கு எத்தனை அடி வேகம் என்பதால் பெருக்கி, ஆயிரத்தால் வகுக்க வேண்டும். மைனருக்கு 125 வேண்டும். 115 கிரெயின் குண்டு 1150 அடி வேகத்தில் போனால் 132, சரியாகத் தாண்டிவிடும். 147-க்கு 851 அடி போனாலே விளிம்பைத் தொட்டுவிடும், ஆனால் விளிம்பில் நிற்காதீர்கள், 885-890 அடி வைத்து 130-131-இல் இருங்கள். குளிர்காலக் காலையில் சில பவுடர்கள் வேகம் குறைவாகக் காட்டும், வேறு க்ரோனோ மெஷின் சற்றே குறைத்துக் காட்டலாம். மேட்சில் உங்கள் ரவுண்டு எட்டை எடுத்துக்கொள்வார்கள், ஒன்றைப் பிரித்துக் குண்டை எடை போடுவார்கள், முதலில் மூன்றைச் சுட்டு சராசரி பார்ப்பார்கள். 125-க்குக் கீழே வந்தால் மேட்ச் முழுக்கச் சுடலாம், ஆனால் மதிப்பெண் கிடையாது. ஊர் தாண்டி, ஹோட்டல் போட்டுப் போய் அந்த நிலைமை வேண்டாம்.

இரண்டு தோட்டாவும் ஒரே பவர் ஃபேக்டர் என்றாலும் கையில் ஒன்றுபோல் இருக்காது. 115 சுருக்கென்று வெட்டும், புள்ளி சட்டென்று மேலே போகும். 147 மெதுவாகத் தள்ளும், ஸ்லைடு சோம்பலாகப் போய் வருவதுபோல் இருக்கும். சிலருக்கு அந்தச் சோம்பல் பிடிக்காது, 124-இலேயே நின்றுவிடுவார்கள். அது ருசி விஷயம்.

இப்போது ஸ்பிரிங். எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள், புள்ளியைப் பார்த்து வாங்குங்கள். 11, 12, 13, 14 பவுண்டு என்று நாலு ஸ்பிரிங் வாங்கினால் மொத்தச் செலவே குறைவுதான். ரேஞ்சில் டார்கெட் எதுவும் வைக்காமல், பின்னால் இருக்கும் மண்மேட்டை மட்டும் பார்த்து, ஐந்தாறு ரவுண்டு சுடுங்கள். குறி பார்க்க வேண்டாம், கண் ஒரே இடத்தில் இருக்கட்டும், புள்ளி எங்கே போய் எங்கே வருகிறது என்று மட்டும் பாருங்கள். போனது மேலே, வந்தது தொடங்கிய அதே இடத்தில் என்றால் ஸ்பிரிங் பொருத்தம். திரும்பும்போது தொடங்கிய இடத்துக்குக் கீழே இறங்கிப் பிறகு ஏறினால், ஸ்பிரிங் கனமாக இருந்து ஸ்லைடை வேகமாக மூடி முனையைக் கீழே தட்டுகிறது, அல்லது நீங்களே வெடிக்கு முன் துப்பாக்கியைக் கீழே அழுத்துகிறீர்கள். இரண்டில் எது என்று பிரித்தறிய ஒரு வழி: யாரையாவது மேகசினில் நடுவே ஒரு ஸ்னாப் கேப் கலந்து கொடுக்கச் சொல்லுங்கள். அது வரும்போது முனை தாழ்ந்தால் கை செய்கிற வேலை. தாழாமல் நின்றால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறியில் இரண்டும் கலந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

புள்ளி நேராக ஏறி இறங்காமல் கோணலாகப் போனால் அது ஸ்பிரிங்கே இல்லை, இரு கைகளின் பிடி சமமாக இல்லை.

ரொம்ப லேசான ஸ்பிரிங்கின் விலையும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்லைடு பின்னால் போய் ஃபிரேமை மோதும் வேகம் கூடும், திரும்பி வரும்போது அழுக்கான சேம்பருக்குள் ரவுண்டைக் கடைசி வரை தள்ளி மூட பலம் போதாமல் ஸ்லைடு ஒரு நூல் வெளியே நிற்கும். இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள், பின்னால் போகும் ஸ்லைடுதான் ஹாமரையும் ஏற்றுகிறது. மெயின் ஸ்பிரிங்கை லேசாக்கினால் ஸ்லைடுக்கு எதிர்ப்பு குறைகிறது, அப்போது நேற்று பொருந்திய ரீகாயில் ஸ்பிரிங் இன்று பொருந்தாது. அதனால்தான் இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள் என்கிறேன். ஒன்றை மாற்று, நூறு இருநூறு ரவுண்டு சுடு, எழுதி வை, அப்புறம் அடுத்தது.


தென்றல்77:

ரீலோடிங் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் சிஇசட் வைத்திருப்பவர்கள் 147-க்கு மாறும்போது முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. இந்தக் குழலில் சேம்பருக்கு முன்னால் ரைஃபிளிங் (குழலின் உள்ளே உள்ள திருகுவரி) சீக்கிரமே தொடங்கிவிடும். வேறு துப்பாக்கியில் ஓடும் நீளத்தில் தோட்டா செய்தால் இதில் குண்டு போய் ரைஃபிளிங்கில் முட்டி நிற்கும், ஸ்லைடு முழுக்க மூடாது. 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு அனுமதித்த அதிகபட்ச நீளம் 1.169 அங்குலம், ஆனால் தட்டை மூக்கு 147-க்கு ஷேடோவில் 1.10-க்குக் கீழேகூட இறங்க வேண்டி வரலாம். குழலைக் கழற்றிக் கையில் பிடித்து, பவுடரும் பிரைமரும் இல்லாத மாதிரித் தோட்டா ஒன்றை மேலிருந்து போடுங்கள். டக்கென்று உள்ளே உட்கார வேண்டும், விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், குழலைக் கவிழ்த்தால் தானாக விழ வேண்டும். இந்த மூன்றும் நடக்கும் நீளத்திலிருந்து இன்னும் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். நீளம் குறைந்தால் உள்ளே அழுத்தம் ஏறும், அதனால் பவுடர் அளவைப் புத்தகத்தின் தொடக்க அளவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், யாரோ இணையத்தில் போட்ட அளவை அப்படியே எடுக்க வேண்டாம்.

பிரைமர். மெயின் ஸ்பிரிங்கை இறக்குகிற எண்ணம் இருந்தால் ஃபெடரல் 100 தான் இருப்பதில் மென்மையானது, சிசிஐ 500 அதைவிடக் கெட்டி. கடைச் சரக்கு எதைப் போட்டாலும் வெடிக்க வேண்டும் என்றால் ஸ்பிரிங்கை ரொம்ப இறக்காதீர்கள். வெடிக்காத ரவுண்டு ஒன்று வந்தால் உடனே ஸ்பிரிங்கைத் திட்ட வேண்டாம், பிரைமர் முழுக்க உட்காராமல் மேலே நின்றிருந்தாலும் முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே வீணாகும், இரண்டாவது அடிக்கு வெடிக்கும். முடித்த ஒவ்வொரு ரவுண்டின் அடியிலும் விரல் நுனியை ஓட்டுங்கள். பிரைமர் விளிம்புக்குக் கீழே, சின்னப் பள்ளமாகத் தட்டுப்பட வேண்டும். மேட்சுக்குக் கொண்டுபோகும் ரவுண்டை மட்டும் கேஸ் கேஜில் (தோட்டாவின் அளவைச் சோதிக்கும் அச்சு) போட்டுப் பார்த்துத் தனிப் பெட்டியில் வையுங்கள்.


கோவைப்பையன்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். கோயம்புத்தூரிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். இதையெல்லாம் இங்கே செய்ய வழி உண்டா?


நெல்லைக்காரி:

நீங்கள் கேட்கிற இதே வடிவத்தில் கஷ்டம் தம்பி. இந்தியாவில் 9 மில்லிமீட்டர் தடைசெய்யப்பட்ட போர் (துப்பாக்கிக் குழல் அளவு), சாதாரண லைசென்ஸில் கிடைக்காது. ஆனால் உங்கள் ஊரிலேயே ரைஃபிள் கிளப் இருக்கிறது. உறுப்பினராகி 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தொடங்கி 25 மீட்டர் .22 வரை போகலாம். நான் மேலே சொன்ன ட்ரிக்கர் பழக்கம் முழுக்க அங்கே கற்றதுதான். அந்த விரலோடு யார் இங்கே வந்தாலும் மற்றதை வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள்.


டல்லாஸ்வாசி:

முடிவு இப்படி: குட்டை ட்ரிக்கர், நாலு ரீகாயில் ஸ்பிரிங், மெல்லிய அலுமினிய கிரிப், டேப், ஸ்லைடு ஸ்டாப் ஒன்று, ரிட்டர்ன் ஸ்பிரிங் இரண்டு, டார்க் ரெஞ்ச். மெயின் ஸ்பிரிங் 13 பவுண்டு ஒன்று மட்டும் வாங்கி வைக்கிறேன், மற்றது பழகிய பிறகு. ஒரு சந்தேகம், ரேஞ்சில் ஒருவர் ஹாமரும் சியரும் (ஏறிய ஹாமரைப் பிடித்து நிறுத்தும் பாகம்) உரசும் இடத்தைக் கல்லால் தேய்த்துத் தருகிறேன், ட்ரிக்கர் கண்ணாடி மாதிரி உடையும் என்கிறார். செய்யலாமா? ட்ரிக்கர் மாற்றுவதையாவது நானே செய்யலாமா?


செம்பருந்து:

ட்ரிக்கர் துண்டை மாற்றுவது பொறுமை இருந்தால் செய்யலாம், வீடியோ நிறைய இருக்கிறது, ரிட்டர்ன் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டே பின்னை நுழைப்பதுதான் கையைக் கடிக்கும் இடம். தனியாக ஒரு ஸ்லேவ் பின் (பாகங்களைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் குட்டைப் பின்) வைத்துக்கொண்டால் எளிது.

சியர் விஷயத்தில் தெளிவாகச் சொல்கிறேன், வேண்டாம். அந்த இரண்டு முகமும் சந்திக்கும் கோணமும் ஆழமும் தலைமுடி அளவு மாறினாலும், ஸ்லைடு மூடும் அதிர்ச்சியில் ஹாமர் தானாக இறங்கலாம், ஒரு இழுப்புக்கு இரண்டு வெடிக்கலாம். அப்படி நடந்தால் ரேஞ்ச் ஆபீசர் அந்தத் துப்பாக்கியை அங்கேயே நிறுத்திவிடுவார், நிறுத்தவும் வேண்டும், பக்கத்தில் நிற்பவர்கள் நம் ஆட்கள். மேற்பரப்பைக் கெட்டிப்படுத்திய பாகத்தைத் தேய்த்தால் அந்த மேல்தோல் போய் சீக்கிரம் தேயவும் செய்யும். சுத்தமான உடைப்பு வேண்டும் என்றால் தொழிற்சாலையில் வெட்டிய ஹாமர், சியர் ஜோடி வாங்கி, சிஇசட் வேலை தெரிந்த கன்ஸ்மித்திடம் பொருத்தச் சொல்லுங்கள். ஷேடோ 2-இன் சிங்கிள் ஆக்ஷன் கடையிலிருந்து வரும்போதே இந்த விளையாட்டுக்குப் போதுமானது, ஏ கிளாஸ் வரை அதைக் குறை சொல்லக் காரணமே இல்லை.

உள்ளே எதைத் தொட்டாலும், தோட்டா இல்லாத துப்பாக்கியில் இதைச் செய்து பாருங்கள். ஹாமரை ஏற்றி சேஃப்டி போட்டு ட்ரிக்கரை நன்றாக அழுத்துங்கள், விடுங்கள், சேஃப்டியை எடுங்கள். ஹாமர் அசையக் கூடாது. ட்ரிக்கரை அழுத்திப் பிடித்தபடியே ஸ்லைடை இழுத்து விடுங்கள், ஹாமர் ஏறியே நிற்க வேண்டும், விரலைத் தளர்த்தினால் ரீசெட் கிளிக் கேட்க வேண்டும். ஸ்லைடைப் பின்னால் பூட்டி, காலி மேகசினை எடுத்துவிட்டு, ஸ்லைடு ஸ்டாப்பை அழுத்தி மூடவிடுங்கள், இதைச் சில முறை மட்டும், ஹாமர் பின்தொடர்ந்து இறங்கக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் தோட்டாவோடு ரேஞ்சுக்குக் கொண்டுபோகாதீர்கள். எல்லாம் சரி என்றால் முதல் நாள் மேகசினில் இரண்டிரண்டு ரவுண்டு மட்டும் போட்டுச் சுட்டுப் பார்த்து, அப்புறம் நிரப்புங்கள்.

டபுள் ஆக்ஷனுக்காக ஹாமரை இறக்கும்போதும் கவனம், ரேஞ்ச் ஆபீசர் மேக் ரெடி (தயாராகு) என்று சொன்னதும் அவசரப்படாமல், முனை மண்மேட்டை நோக்கி, இடதுகைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஹாமரைக் கிள்ளிப் பிடித்த பிறகுதான் ட்ரிக்கரைத் தொட வேண்டும். அங்கே வழுக்கி வெடித்தால் முதல் பஸ்ஸருக்கு முன்பே டிஸ்குவாலிஃபிகேஷன். புது ட்ரிக்கர் போட்டதும் இதையும் வீட்டில் காலித் துப்பாக்கியில் பழகிவிட்டுப் போங்கள், இழுப்பின் நீளம் மாறியிருப்பதால் ஹாமர் விடுபடும் இடம் பழைய இடத்தில் இருக்காது.